காணாமல் போன டீ கிளாஸ்

கையில் இருக்கும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடாதீர்கள். இன்றைய பேச்சு முடியும்வரை அதுதான் நமக்கு அளவுகோல். நாம் பார்க்கப்போவது அமெரிக்காவில் ஓடும் ஒரு பழைய பிக்கப் வண்டியின் பெட்ரோல் டாங்க். கார்புரேட்டரோடு பிறந்த வண்டிக்கு ஃப்யூயல் இன்ஜெக்ஷன் மாட்டுகிறார்கள். மாற்றம் நடப்பது இன்ஜினின் தலையில். அப்படியிருக்க, அங்கிருந்து எட்டத்தில், வண்டியின் விலாவில் தொங்கும் தகர டாங்கில் ஏன் கை வைக்க வேண்டும்? கேள்வி சின்னது. பதிலைத் தேடிப் போனால் கிணற்று மோட்டார், எண்ணெய் டின், ஊட்டிப் பருப்பு எல்லாம் வழியில் வரும்.

முதலில் வண்டியைப் பார்த்துவிடுவோம். 1973 மாடலிலிருந்து 1987 வரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவ்ரோலெட், ஜிஎம்சி என்ற இரண்டு பெயர்களிலும் ஒரே உடல்வாகு கொண்ட பிக்கப்புகளைச் செய்தது. பெட்டி அடித்தாற்போல் இருப்பதால் அங்கே அவற்றை ‘ஸ்கொயர் பாடி’ என்பார்கள். பண்ணையில் வைக்கோல் ஏற்றியவை, தச்சர் வீட்டில் பலகை சுமந்தவை. அவற்றில் நிறைய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அதிகம் காணக்கிடைப்பது 5.7 லிட்டர் வி8 இன்ஜின். அதன் தலையில் குவாட்ராஜெட் என்ற நான்கு வாய்க் கார்புரேட்டர்.

இன்ஜெக்ஷனுக்கு மாறும் ஆசை ஏன் வருகிறது? பனிக்காலக் காலையில் கார்புரேட்டர் வண்டியைக் கிளப்புவது ஒரு பெரிய சடங்கு. சோக் போட வேண்டும், ஆக்சிலரேட்டரை இரண்டு மிதி மிதிக்க வேண்டும், கொஞ்சம் கெஞ்சவும் வேண்டும். மலையேறினால் காற்று மெலிந்து கலவை கெடும். இன்ஜெக்ஷனில் இந்தத் தொல்லைகளை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்காரும் இன்ஜெக்ஷன் செட்டுகள் இன்று கடையில் கிடைக்கின்றன. நான்கு போல்ட்டைக் கழற்றி நான்கு போல்ட்டை மாட்டினால் வேலை முடிந்த மாதிரி தோன்றும்.

அப்படிச் செய்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடையது 1978 மாடல். புது செட்டை மாட்டினார். அதற்கு அதிக அழுத்தம் வேண்டும் என்று அட்டையில் எழுதியிருந்ததால் ஒரு மின்சார பம்ப் வாங்கி, சேஸிஸில், இன்ஜினுக்குப் பக்கமாகவே முடுக்கினார். டாங்கைத் தொடவில்லை. முதல் வாரம் வண்டி பட்டாக ஓடியது. பிறகு டாங்க் கால்வாசிக்கு இறங்கிய ஒரு நாள், நெடுஞ்சாலையை விட்டு இறங்கிப் பிரேக் போட்டுத் திரும்பியபோது இன்ஜின் ஒரு விக்கல் விக்கியது. வெயில் காலத்தில் ஒரு கடை வாசலில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால், பம்ப் ஊளையிடும், வண்டி கிளம்பாது. கொஞ்ச மாதத்தில் பம்ப் செத்தது. “பம்ப் போதவில்லை, பெரிதாகப் போடு” என்றார்கள். பெரிதாகப் போட்டார். அது இன்னும் சீக்கிரம் செத்தது.

எங்கே தவறு என்று கண்டுபிடிக்க, பழைய வண்டி பெட்ரோல் குடித்த விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு சின்ன மெக்கானிக்கல் பம்ப் இருக்கும். இன்ஜின் சுற்றச் சுற்ற, உள்ளே ஒரு ரப்பர் சவ்வு மேலும் கீழும் அசைந்து, டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக் கார்புரேட்டருக்குத் தள்ளும். அழுத்தம் சொற்பம், சுமார் 6 பி.எஸ்.ஐ. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், நான்கு மீட்டர் உயரத்தில் உள்ள மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கீழ்க் குழாயில் கொடுக்கும் அழுத்தம்.

அந்தப் பெட்ரோல் நேரே இன்ஜினுக்குப் போவதில்லை. கார்புரேட்டருக்குள் ஒரு கிண்ணம் இருக்கிறது. அதில் ஒரு மிதவை. மொட்டைமாடித் தொட்டியில் பந்து வால்வு இருக்கிறதல்லவா, அதே வேலைதான். கிண்ணம் நிரம்பினால் மிதவை எழும்பி வழியை அடைக்கும், குறைந்தால் இறங்கித் திறக்கும். இன்ஜின் தனக்கு வேண்டியதை இந்தக் கிண்ணத்திலிருந்துதான் உறிஞ்சிக்கொள்கிறது. குவாட்ராஜெட்டில் அது பெரிய கிண்ணமும் இல்லை. ஏறக்குறைய உங்கள் கையில் இருக்கும் டீ கிளாஸ் அளவுதான்.

இப்போது இன்ஜெக்ஷன் பக்கம் வருவோம். இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு நுண்ணிய வால்வு. அது பெட்ரோலைப் புகைபோலச் சீற வேண்டுமானால் பின்னாலிருந்து நல்ல அழுத்தம் வேண்டும். இன்றைய செட்டுகள் பெரும்பாலும் கேட்பது 58 பி.எஸ்.ஐ. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. அதே அழுத்தத்தில் தண்ணீர் வர வேண்டுமானால், தொட்டியைச் சுமார் 40 மீட்டர் உயரத்தில், பதின்மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் வைக்க வேண்டும்.

இங்கேதான் எல்லோரும் வழுக்கும் இடம். 6 எங்கே, 58 எங்கே! இந்த எண்களைப் பார்த்ததும், “ஆக வித்தியாசம் அழுத்தத்தில் இருக்கிறது, அழுத்தம் கொடுப்பது பம்ப், எனவே நல்ல பம்ப் போட்டால் போதும்” என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. சிலர் இன்னும் ஒரு படி போய், டாங்கே அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும் போலிருக்கிறது, அதனால்தான் டாங்கை மாற்றச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். டாங்குக்குள் அழுத்தம் எப்போதும் வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒட்டியேதான் இருக்கும். 58 என்பது பம்பின் வாய்க்கு அப்புறம் நடக்கிற கதை.

நிஜ வித்தியாசம் வேறு. கார்புரேட்டரைக் கழற்றியபோது அதோடு சேர்ந்து அந்த டீ கிளாஸும் போய்விட்டது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று வேலை செய்துகொண்டிருந்ததே யாருக்கும் தெரியாது. உண்மையில் பழைய வண்டியில் இரண்டு டாங்குகள் இருந்தன. விலாவில் தொங்கிய 75 லிட்டர் டாங்க் ஒன்று, இன்ஜினின் தலையில் இருந்த டீ கிளாஸ் இன்னொன்று. இரண்டாவதுதான் முதலாவதின் குறைகளையெல்லாம் மூடி மறைத்துக் குடும்பம் நடத்தியது.

எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் வி8 வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு ஆறரை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்குச் சுமார் 15 லிட்டர் செலவு. நிமிடத்துக்குக் கால் லிட்டர். கிண்ணத்தில் 100 மில்லி இருந்தால், பின்னாலிருந்து ஒரு சொட்டுகூட வராவிட்டாலும் இருபது விநாடிக்கு மேல் தாங்கும். அதன் அடிமட்டம் வரை உறிஞ்ச முடியாது என்று பாதியைக் கழித்தாலும் பத்து விநாடி. வளைவில் திரும்பும்போது டாங்கிலிருந்து பம்ப் இரண்டு விநாடி காற்றை இழுத்தால் இன்ஜினுக்கு அது தெரியக்கூட வராது. இழுத்த காற்றும் கிண்ணத்துக்கு வந்து, அதன் மேலே உள்ள மூச்சுத்துளை வழியாக வெளியே போய்விடும்.

இன்ஜெக்ஷனில் இந்த மன்னிப்பு கிடையாது. இங்கே ஒரு நல்ல கேள்வி எழும். “பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே குழாய் நிறையப் பெட்ரோல் இருக்கிறதே, அது கொஞ்ச நேரத்துக்கு உதவாதா?” குழாயில் பெட்ரோல் இருப்பது உண்மைதான். ஆனால் பம்ப் காற்றை இழுத்த மறுகணமே அதன் அழுத்தம் சரிந்துவிடும். பம்பை நிறுத்தியதும் குளியலறை ஷவர் என்ன ஆகிறது? குழாய் முழுக்கத் தண்ணீர் இருக்கும், சீற்றம் மட்டும் இருக்காது.

அழுத்தம் சரிந்தால் என்ன கெடும் என்பதற்கு இன்ஜெக்ஷனின் உள்ரகசியம் ஒன்று தெரிய வேண்டும். கம்ப்யூட்டர் பெட்ரோலை அளப்பதில்லை, நேரத்தை அளக்கிறது. ‘58 பி.எஸ்.ஐ. இருக்கிறது, இத்தனை மில்லி விநாடி திறந்தால் இத்தனை பெட்ரோல் போகும்’ என்ற நம்பிக்கையில் வால்வைத் திறந்து மூடுகிறது. ஒரே வேகத்தில் குழாயில் தண்ணீர் வருகிறது என்று நம்பி, பத்து எண்ணிவிட்டுக் குடத்தை எடுத்துவிடுகிற மாதிரி. நடுவில் குழாய் காற்றை உமிழ்ந்தால் குடம் பாதிதான் நிறையும். வண்டியில் அதன் பெயர்தான் அந்த விக்கல்.

ஆக நம் கேள்வி உருமாறிவிட்டது. எவ்வளவு பெரிய பம்ப் என்பது இரண்டாம் பட்சம். பம்பின் வாய் ஒரு விநாடிகூடப் பெட்ரோலை விட்டு வெளியே வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? கிண்ணம் செய்த வேலையை இனி யார் செய்வது? டாங்கை மாற்றி அமைப்பது என்பது இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். டாங்க் நிறைந்திருந்தால் பிரச்சினையே இல்லை. நம் நண்பருக்கு முதல் வாரம் ஒன்றும் தெரியாமல் போனது அதனால்தான். குறைகுடம்தான் கூத்தாடும். ஒரு மீட்டர் நீள டாங்க் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் அழுத்தமாகப் பிரேக் போட்டால், அதாவது புவியீர்ப்பில் பத்தில் மூன்று பங்கு அளவுக்கு வேகம் குறைந்தால், பெட்ரோலின் மட்டம் சாய்ந்து, முன்பக்கம் 15 சென்டிமீட்டர் ஏறி, பின்பக்கம் 15 சென்டிமீட்டர் இறங்கப் பார்க்கும். கால்வாசி டாங்கில் ஆழமே அதில் பாதிதான் இருக்கும். அந்த நேரம் உறிஞ்சும் குழாய் தவறான பக்கம் இருந்தால், வறண்ட தகரத்தைத்தான் நக்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டாம். அந்த நிறுவனமே இதே வண்டியில் செய்து காட்டிவிட்டது. 1986 வரை இந்த பிக்கப்புகளின் பெட்ரோல் வி8 இன்ஜினுக்குக் கார்புரேட்டர்தான். 1987இல் உடலை மாற்றாமல் இன்ஜெக்ஷனுக்கு மாறினார்கள். பார்க்க அதே வண்டி, டாங்க் தொங்குவதும் அதே விலாவில்தான். ஆனால் டாங்கின் உள்ளே பார்த்தால் மூன்று மாற்றம். பம்ப் டாங்குக்குள் போய்விட்டது. அதைச் சுற்றி, பெட்ரோல் ஓடிவிடாமல் பிடித்து வைக்கும் தடுப்பு வந்தது. மிச்சப் பெட்ரோல் முழுவதும் திரும்பிவரும் அளவுக்குக் குழாய் வந்தது. இத்தனைக்கும் அந்த முதல் இன்ஜெக்ஷன் கேட்டது 9 முதல் 13 பி.எஸ்.ஐ. மட்டுமே. அழுத்தம் அவ்வளவு குறைவாக இருந்தபோதே டாங்கை மாற்றியிருக்கிறார்கள். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, பம்ப் ஏன் உள்ளே போக வேண்டும்? இதற்கு நம் ஊர்க் கிணறே சாட்சி. தரையில் வைத்த மோட்டார் தண்ணீரை மேலே தள்ளுவதில் சூரன், கீழிருந்து உறிஞ்சுவதில் சோம்பேறி. காற்றழுத்தம்தான் தண்ணீரைக் குழாயில் ஏற்றிக் கொடுக்கிறது என்பதால், எப்பேர்ப்பட்ட மோட்டாராலும் பத்து மீட்டருக்கு மேல் உறிஞ்ச முடியாது. நடைமுறையில் ஏழெட்டுக்கே மூச்சு வாங்கும். நிலத்தடி நீர் கீழே போனபோது நாம் என்ன செய்தோம்? சப்மெர்சிபிள் மோட்டாரைக் குழிக்குள்ளேயே இறக்கினோம். உறிஞ்சும் வேலையே இல்லை, தள்ளுவது மட்டும்தான். டாங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் அந்த சப்மெர்சிபிள் மோட்டாரின் தம்பி.

பெட்ரோல் விஷயத்தில் உறிஞ்சுவது இன்னும் ஆபத்து. ஊட்டியில் பருப்பு வேக நேரமாகும், ஏனென்றால் காற்றழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். உறிஞ்சும் குழாய்க்குள்ளும் அழுத்தம் குறைகிறது. குழாய்க்குள் ஒரு குட்டி ஊட்டி. பெட்ரோலின் லேசான பகுதிகள் சாதாரணமாகவே 35, 40 டிகிரியில் கொதிக்கத் தொடங்குபவை. டெக்சாஸ் வெயிலில், சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் பம்பை வைத்து, எட்டத்திலிருந்து உறிஞ்சச் சொன்னால் வழியிலேயே கொதித்து ஆவியாகும். பம்ப் ஆவியை மென்றுகொண்டு ஊளையிடும். கடை வாசலில் நண்பரின் வண்டி கிளம்பாமல் போனதற்கு இதுதான் காரணம். டாங்குக்குள் இருக்கும் பம்புக்கு இந்தக் கஷ்டம் வெகு குறைவு.

பம்ப் செத்ததற்கும் கிணற்றிலேயே பதில் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் சப்மெர்சிபிள் ஓடினால் காயில் எரிந்துவிடும் என்பது நம் விவசாயி எவருக்கும் தெரியும். பெட்ரோல் பம்பும் அப்படியே. தன் வழியாக ஓடும் பெட்ரோலால்தான் அது குளிர்கிறது, அதனால்தான் வழுவழுப்பும் பெறுகிறது. மின்சார மோட்டார் பெட்ரோலுக்குள்ளேயே ஓடுகிறதே, தீப்பிடிக்காதா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். தோன்ற வேண்டிய கேள்விதான். எரிவதற்குக் காற்று வேண்டும். பம்பின் உள்வயிறு முழுக்கப் பெட்ரோல், அங்கே காற்றுக்கு இடமில்லை. டாங்கின் மேல்பகுதியில் தங்கும் ஆவியும் வழக்கமாக எரிய முடியாத அளவுக்கு அடர்த்தியானது.

இரண்டாவது, தடுப்பு. காணாமல் போன டீ கிளாஸ் மறுபடி வருவது இங்கேதான். பம்பைச் சுற்றி ஒரு சின்ன வாளியையோ தட்டையோ வைக்கிறார்கள். டாங்கில் பெட்ரோல் எந்த மூலைக்கு ஓடினாலும், வாளிக்குள் இருப்பது அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. பம்ப் வாளியிலிருந்து குடிக்கிறது, வாளி டாங்கிலிருந்து நிரம்புகிறது. கார்புரேட்டரின் கிண்ணத்தை இன்ஜினின் தலையிலிருந்து எடுத்து டாங்கின் வயிற்றில் வைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

பழைய டாங்கை வைத்துக்கொண்டே இதைச் செய்ய வேறு வழிகளும் உண்டு. ஒன்று, பம்பின் வாயில் மாட்டும் ஒரு விசேஷப் பாய். நனைந்த துணியை விரித்து வாளித் தண்ணீரில் அமுக்கிச் சின்ன வயதில் விளையாடியிருப்போமே, துணி பலூன்போல உப்பி நிற்கும், காற்று வெளியே வராது. துணியின் நுண்துளைகளில் தண்ணீர் அடைத்துக்கொண்டு காற்றுக்கு வழி மறிக்கிறது. அந்தப் பாயின் சூத்திரமும் அதுதான். அதன் ஒரு மூலை பெட்ரோலில் நனைந்திருந்தால் அங்கிருந்து பம்புக்குப் பெட்ரோல் வரும், வறண்ட பக்கம் காற்றை விடாது.

இன்னொரு வழி, இடைத்தொட்டி. பழைய டாங்கிலிருந்து வலு குறைந்த ஒரு பம்ப் சிறு தொட்டி ஒன்றை நிரப்பும், அதிலிருந்து வலுவான பம்ப் இன்ஜினுக்குத் தள்ளும். கிணற்றிலிருந்து தொட்டிக்கு ஒரு மோட்டார், தொட்டியிலிருந்து வீட்டுக்கு ஒரு பிரஷர் பம்ப் என்று நகரத்து வீடுகளில் இருப்பதைப்போல. 1980களின் ஃபோர்டு பிக்கப்புகளிலும் டாங்குக்குள் ஒரு குறைந்த அழுத்தப் பம்ப், சேஸிஸில் ஓர் அதிக அழுத்தப் பம்ப் என்ற இரட்டை ஏற்பாடு இருந்தது.

ஸ்கொயர் பாடிக்காரர்களுக்கோ எல்லாவற்றையும்விட எளிய வழி, 1987 மாடல் டாங்கையே வாங்கி மாட்டிவிடுவது. அதே இடம், அதே பட்டைகள். உள்ளே பம்பை மட்டும் 58 பி.எஸ்.ஐ. கொடுக்கும் ஒன்றாக மாற்றிக்கொள்கிறார்கள். சிலர் டாங்கை விலாவிலிருந்தே அகற்றி, வண்டியின் பின்புறம் சேஸிஸின் இரண்டு சட்டங்களுக்கு நடுவே வைக்கிறார்கள். சட்டத்துக்கு வெளியே தொங்கும் டாங்க், பக்கவாட்டு மோதலில் ஆபத்து என்று 1990களில் பெரிய சர்ச்சையே எழுந்தது. 1988இல் வந்த அடுத்த தலைமுறை வண்டிகளில் டாங்க் சட்டத்துக்கு உள்ளே போய்விட்டது. பின்புறம் வைப்பவர்கள் அதே குடும்பத்து பிளேசர் வண்டியின் டாங்கைத் தேடி வாங்குவார்கள். 1987 முதல் 1991 வரை வந்த பிளேசர் டாங்க் இன்ஜெக்ஷனுக்கென்றே செய்தது.

மூன்றாவது, திரும்பும் குழாய். மின்சார பம்புக்கு அளவு தெரியாது. மணிக்கு 255 லிட்டர் என்று பெயரெழுதிய பம்ப் இந்த வேலைக்குப் பரவலாக வாங்கப்படுவது. நம் இன்ஜினுக்குத் தேவை 15. மிச்சம் 240 எங்கே போகும்? ரெகுலேட்டர் என்ற வால்வு, அழுத்தம் 58ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, மிச்சத்தைத் திரும்பும் குழாய் வழியாக டாங்குக்கே அனுப்புகிறது. இந்தக் கணக்கில் 75 லிட்டர் டாங்க் முழுவதும் பதினெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிவந்துவிடும். இன்ஜின் வரை போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு வந்தால் டாங்கே மெல்லச் சூடாகும். நண்பர் பெரிய பம்ப் போட்டு நிலைமையை மோசமாக்கியது இப்படித்தான்: அதிகமாக இழுத்தது, அதிகமாகச் சுற்றியது, அதிகமாகச் சூடாக்கியது.

இதற்கு அமெரிக்க மெக்கானிக்குகள் கையாளும் ஒரு சாமர்த்தியம் அழகானது. 1999 முதல் 2003 வரையிலான கார்வெட் காரில், ஃபில்டருக்கு உள்ளேயே 58 பி.எஸ்.ஐ. ரெகுலேட்டர் இருக்கும். அந்த ஃபில்டரை வாங்கி டாங்குக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டால், மிச்சப் பெட்ரோல் அங்கிருந்தே திரும்பிவிடும். இன்ஜினுக்கு ஒரே ஒரு குழாய், வீண் சூடும் இல்லை.

திரும்பும் பெட்ரோல் எங்கே விழுகிறது என்பதிலும் கவனம் வேண்டும். டீ மாஸ்டர் உயரத்திலிருந்து ஆற்றினால் நுரை பொங்கும். டீயில் நுரை அழகு. பெட்ரோலில் நுரை என்றால் காற்று. அதனால் திரும்பும் குழாயின் வாய் டாங்கின் அடியில், பெட்ரோலுக்குள்ளேயே, முடிந்தால் அந்த வாளிக்குள் முடிய வேண்டும். அப்போது திரும்பிவருவதே வாளியை நிரப்பிக்கொண்டும் இருக்கும்.

மூச்சுக்குழாயை மறந்துவிடக் கூடாது. எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் மடக் மடக்கென்று தயங்கித் தயங்கி வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டதும் சீராக ஊற்றும். பெட்ரோல் போகப்போக அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். ஆனால் ஆவி வெளியே கசியவும் கூடாது. ஆவியைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு கலிஃபோர்னியாவில் 1970 மாடலிலும், நாடு முழுக்க 1971இலும் கட்டாயமானது. கரித்தூள் அடைத்த ஒரு டப்பா அந்த ஆவியை உறிஞ்சி வைத்து, இன்ஜின் ஓடும்போது அதற்கே ஊட்டிவிடும். டாங்கை மாற்றும்போது இந்தக் குழாயைத் தேவையில்லாதது என்று அடைத்துவிடுபவர்கள், பிறகு டாங்க் ஏன் ஒடுங்குகிறது என்று தலையைச் சொறிவார்கள்.

இனிச் சில்லறை விஷயங்கள். சில்லறை என்றாலும் உயிர் இவற்றில்தான் இருக்கிறது. பழைய ரப்பர் ஓஸ் 6 பி.எஸ்.ஐ.க்கு வந்தது, 58க்கு அது தாங்காது. இன்ஜெக்ஷனுக்கென்று 30ஆர்9 என்று முத்திரை குத்திய ஓஸ் தனியே உண்டு. டாங்குக்குள் இருக்கும் துண்டுக்கோ 30ஆர்10 என்ற வேறு ரகம் வேண்டும், ஏனென்றால் அதன் உள்பக்கம் மட்டுமல்ல, வெளிப்பக்கமும் நாளெல்லாம் பெட்ரோலில் ஊறுகிறது. ஐம்பது வருட டாங்கின் துருவைக் கார்புரேட்டர் ஓரளவு விழுங்கிக்கொள்ளும். இன்ஜெக்டரின் துளை விழுங்காது. பம்புக்கு அப்புறம் 10 மைக்ரான் ஃபில்டர் போடச் சொல்வது அதனால்தான். தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரானை ஒட்டியது.

மெக்கானிக்கல் பம்புக்கு ஒரு நற்குணம் இருந்தது. இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். மின்சார பம்புக்கு அந்த அறிவு இல்லை. விபத்தில் குழாய் அறுந்தாலும், மின்சாரம் இருக்கும்வரை பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அதனால் அதை நேராகச் சாவியோடு இணைக்காமல், கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் ரிலே வழியாக இணைக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் இரண்டு விநாடி ஓடி அழுத்தம் ஏற்றும். இன்ஜின் சுற்றாவிட்டால் தானே நிற்கும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பழைய டாங்கில் பம்ப் இறக்க வாய் வெட்டலாம், வாளியை வெல்டிங் செய்யலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். “காலி டாங்க்தானே” என்பார்கள். காலி டாங்க்தான் எமன். காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்கு 1.4 பங்கிலிருந்து 7.6 பங்கு வரை இருந்தால் தீப்பொறிக்கு வெடிக்கும். காலியாகிக் காற்று புகுந்த டாங்கில் அந்தக் கலவை தானாகவே அமைந்துவிடும். தகரத்தின் மடிப்பில் ஒளிந்த சொட்டு, பல மாதம் கழித்தும் போதுமானது. ஆவியை முழுக்கப் போக்கத் தெரிந்த பட்டறை செய்ய வேண்டிய வேலை அது. தயாராகக் கிடைக்கும் டாங்கை வாங்குவது மலிவும்கூட.

இப்போது நம் நண்பரின் வண்டிக்குத் திரும்பினால், சேஸிஸில் மாட்டிய பம்பைக் கழற்றிவிட்டு, உள்பம்பும் வாளியும் கொண்ட டாங்க், பக்கத்திலேயே ரெகுலேட்டர் ஃபில்டர், அடியில் முடியும் திரும்பும் குழாய், திறந்த மூச்சுக்குழாய், ரிலே என்று வரிசையாகச் செய்வார். பம்பைச் சின்னதாகவே வாங்கலாம். விக்கல் நிற்கும்.

இதெல்லாம் அமெரிக்கத் தகரக்கதை என்று விட்டுவிட வேண்டாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது நம் தெருவில் ஓடும் பைக்குகளும் பெரும்பாலும் கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்ஷனுக்கு மாறின. பழைய பைக்கில் வண்டி திக்கினால் குனிந்து ரிசர்வுக்குத் திருப்புவோம். திக்க ஆரம்பித்ததிலிருந்து திருப்பும்வரை வண்டியை ஓட்டிக்கொடுத்தது கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருந்த சில சொட்டுகள். புது பைக்கில் அந்தக் கிண்ணமும் இல்லை, திருப்பும் குமிழும் இல்லை. பம்ப் டாங்குக்குள் உட்கார்ந்திருக்கிறது. “எப்பவும் கொஞ்சம் பெட்ரோல் இருக்கட்டும் சார்” என்று மெக்கானிக் சொல்வது எதற்கு என்று இனி நமக்கு விளக்கம் வேண்டாம்.

கிளாஸில் கடைசி வாய் மிச்சம் இருக்கிறதா? லேசாகச் சாய்த்து உறிஞ்சிப் பாருங்கள். சர்ரென்று டீயோடு காற்றும் சேர்ந்து வருகிறதே, அந்தச் சத்தம்தான். டாங்கில் நாம் செய்த அத்தனை வேலையும் அது பம்பின் வாயிலிருந்து எழாமல் இருப்பதற்குத்தான்.